காலை ஷிஃப்ட்

வருடப் பிறப்பு ஆராதனையில்
தட்டிலிருந்து நான் எடுத்த வாக்குத்தத்த அட்டை
சத்தியசீலனின் டயாலிசிஸ் ஃபைலில்
கிரியாட்டினின் காகிதங்களுக்கு நடுவே இருக்கிறது.
என்ன வசனம் என்று இங்கே எழுதமாட்டேன்.
எழுதினால் ஆண்டவரை மாட்டிவிடுவதுபோல் ஆகும்.

ராணிப்பேட்டையில் பதினெட்டு வருடம்
தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டிகளோடு நின்றவர்.
இப்போது செவ்வாயும் வெள்ளியும் வேலூரில்
நாலு மணி நேரம்
அவர் ரத்தம் அவரைவிட்டு வெளியே போய்க்
குளித்துவிட்டு வீடு திரும்புகிறது.

மதிய ஷிஃப்ட்தான் கிடைத்திருந்தது.
ஷூ கம்பெனி சூப்பர்வைசர் விரல் மடக்கினார்:
மாதத்துக்கு எட்டு லீவு.
குழுக் கடன் பையன் பைக்கை நிறுத்துவான்,
ஹாரன் அடிக்கமாட்டான். அதுதான் பயம்.
பெர்சிஸ் பூட்டின கதவில் சாய்ந்து
வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

ஆகவே ஜெபித்தேன்.
சுகம் கேட்கவில்லை. அது பெரிய கேள்வி,
பெரிய ஆட்கள் கேட்கட்டும்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம்
கம்பியைப் பிடித்தபடி
கீழே தண்ணீரில்லாத மணலைப் பார்த்து:
ஆண்டவரே, காலை ஷிஃப்ட்.
ஆறிலிருந்து பத்து.
அவ்வளவுதான்.

ஏழாவது வாரம் சிஸ்டர் கூப்பிட்டார்.
“ஒன்பதாம் பெட் காலி. காலையில வரீங்களா?”
அல்லேலூயா என்றேன், சத்தமாகவே.
பிறகுதான் கேட்டேன்
ஒன்பதாம் பெட் யாருடையது என்று.

எத்திராஜ். கணியம்பாடிக்காரர்.
பால் சொசைட்டியில் கணக்கு எழுதினவர்.
ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இவரிடம்,
டாக்டருக்குத் தெரியாமல்
எத்தனை மடக்கு மோர் குடிக்கலாம் என்று
பாடம் எடுப்பார்.
அவர் மனைவி லோகநாயகியும் நானும்
ஒரு டீயை இரண்டாக்கிக் குடித்திருக்கிறோம்.

சனிக்கிழமை ராத்திரி போய்விட்டாராம்.

ஞாயிறு, சாட்சி நேரம்.
ஜெபம் கேட்கப்பட்டவர்கள் எழும்பலாம் என்றார் போதகர்.
எழும்பினேன். மைக் கைக்கு வந்தது.
எப்படிச் சொல்வது?
என் ஜெபம் கேட்கப்பட்டது,
ஒருத்தி தாலி இறங்கியது என்றா?
அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றால்
பிறகு எதற்காக நான் நன்றி சொல்ல நிற்கிறேன்?
மைக்கில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
பெர்சிஸ் முந்தானையை இழுத்தாள்.
உட்கார்ந்துவிட்டேன்.
பின்வரிசையில் யாரோ எனக்குப் பதிலாக
ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவைத்தார்.

அதற்குப் பிறகு பாலத்தில் வாய் திறக்கவில்லை.
கேட்கப் பயம்.
யார் வீட்டிலிருந்து எடுத்துத் தருவாரோ.

காரியம் முடிந்த மறு வாரம்
லோகநாயகி வார்டு வாசலில் நின்றாள்.
நெற்றியில் ஒன்றுமில்லை.
அட்வான்ஸில் மிச்சப் பணம் வாங்க வந்திருந்தாள்.
நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.
பார்த்துவிட்டாள்.
பையிலிருந்து மரூன் போர்வையை எடுத்தாள்.
“அந்த பெட்டுக்கு நேரா ஏசி. விடிகாலைல ரொம்ப ஊதும்.
உன் வூட்டுக்காரருக்கு வச்சிக்கோ.
தொவச்சிதான் எட்டாந்தேன்.”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.
ஏழு வாரம், பாலம், ஆறிலிருந்து பத்து.
கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
“நானுந்தான் வேண்டிக்கினேன்,” என்றாள்.
“வலியில்லாம போயிடட்டும்னு.
அப்போ நானா கொன்னேன்?”

டீ வாங்கினோம். ஒன்றே ஒன்று.

சத்தியசீலன் தூங்குகிறார், மார்புவரை போர்வை.
சோப்பு வாசனைக்கு அடியில்
இன்னும் கொஞ்சம் எத்திராஜ் இருக்கிறார்.
ஆண்டவரோடு எனக்குக் கணக்கு தீரவில்லை.
ஆனாலும் பேச ஆரம்பித்திருக்கிறேன்,
அட்டையை வெளியே எடுக்காமல்.
இன்று கேட்டது இதுதான்:
போர்வை ஓரத்தில் ஒரு ஜாண் தையல் விட்டிருக்கிறது.
வெள்ளிக்கிழமை
ஊசி நூல் எடுத்துவர
மறந்துபோகக் கூடாது.